கறுவாவுக்கு ஏற்ற கொப்பு

அருமைராசா அண்ணை ஒரு மரத்துண்டைக் கையில் எடுத்தால் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவார். பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் கண்ணால் பார்ப்பார். நகரத்தின் லாசால் பகுதியில் இருந்த ஒரு பலட் தொழிற்சாலையில் இருபத்துநான்கு வருடம் ஆணி அடித்தவர். லொறியில் ஏற்றும் பெட்டிகளுக்கு அடியில் வைக்கிற மரத்தட்டுகளைத்தான் பலட் என்பார்கள். தொழிற்சாலையை மூடிய பிறகு கோட்-டெ-நெய்ஜில் நான் இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தைப் பராமரிக்கும் கொன்சியேர்ஜாக வந்தார். குழாய் ஒழுகினாலும் பூட்டு இறுகினாலும் வாசற்படியில் பனி உறைந்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

எண்பத்தேழில், இருபத்திரண்டு வயதில், மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். முதல் இரண்டு குளிர்காலமும் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினார். பிறகு பலட். இடது பெருவிரலுக்குள் ஒருமுறை ஆணி போய் மறுபக்கம் வந்ததாம். அந்த விரல் இன்னும் முழுதாக மடங்காது. இந்த நகரத்து மொழியான பிரெஞ்சில் அவருக்கு மரங்களின் பெயரும் தெரியும், திட்டும் வார்த்தைகளும் தெரியும், நடுவில் எதுவும் தெரியாது என்பார் அவருடைய மனைவி நல்லம்மா அக்கா.

அவருக்குப் பாம்பு என்றால் பயம். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. எனக்கு அது தெரியவந்தது தை மாதத்தில். என் வரவேற்பறை ஹீட்டர் இரவும் பகலும் சீறிக்கொண்டிருந்தது. சாமான் பெட்டியோடு உள்ளே வந்தவர் மூலையிலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் கண்டு நின்றார்.

"என்ன பிள்ளை அது?"

"பாம்பு அண்ணை."

"ரப்பரோ?"

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள்ளிருந்த கறுவா நாக்கை நீட்டினாள். நான் திரும்புவதற்குள் அண்ணை கதவுக்கு வெளியே நடைகூடத்தில் நின்றார். சாமான் பெட்டி மட்டும் என் அறைக்குள் இருந்தது.

"நான் இஞ்சை நிண்டு சொல்லுறன். நீரே பூட்டும். பெரிய குறடு இருக்கெல்லே, அதை எடும். அதில்லை, மற்றது. இடப்பக்கம் திருப்பும். பாம்பின்ரை இடப்பக்கம் இல்லை, உம்மடை இடப்பக்கம்!"

அப்படித்தான் அந்த ஹீட்டரை நான் திருத்தினேன். சீறல் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு, அவள் சோளப்பாம்பு, விசம் இல்லை, எங்கள் ஊர்ச் சாரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொன்னேன். கறுவாப்பட்டை நிறம் என்பதால் அந்தப் பெயர். ஒன்பது வயது. பெண்.

"சாரையோ? இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். ஆனாலும் உள்ளே வரவில்லை. "உமக்கு ஏன் பிள்ளை இந்த வேலை?"

"என்ரையில்லை அண்ணை. தம்பியின்ரை."

என் தம்பி விதுர்சன் ஐப்பசியில் செத்துப்போனான். வேலையிடத்தில் தலையிடிக்குது என்று உட்கார்ந்தவன். மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. முப்பத்திமூன்று வயது. அம்மாவும் அப்பாவும் அவனுக்கு முன்னமே போய்விட்டார்கள். அவன் அறையைக் காலி செய்தபோது உடுப்பையும் புத்தகத்தையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். கறுவாவைக் கொடுக்க மனம் வரவில்லை. அவன் விட்டுப்போனவற்றில் மூச்சு விடுவது அவள் மட்டும்தான். இந்த வகைப் பாம்பு இருபது வருடமும் இருக்கும் என்று அவன் சொல்லியிருந்தான்.

இதில் பாதியைத்தான் அண்ணையிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு நடைகூடத்தில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அது ஏன் வயரிலை ஏறப் பாக்குது?"

வெப்பமானியின் மெல்லிய வயர் அது. கறுவா அதில் அரை அடி ஏறுவாள், விழுவாள், திரும்பவும் ஏறுவாள். பெட்டிக்குள் தம்பி வைத்திருந்த கொப்பு வீடு மாறும்போது முறிந்துபோனது. கடையில் வாங்கியது ஒரு சாண் நீளம்கூட இல்லை. அவளோ நாலு அடி.

"கொப்புத்தானே?" என்றார் அண்ணை. அவருடைய குரல் முதல்முறையாக உறுதியாக வந்தது. "அது என்ரை வேலை. விடும்."

கட்டடத்தின் பின்னால் வேலியாக நின்ற, சீடர் என்ற வாசனை மரங்களை அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் வெட்டியிருந்தார்கள். அடித்துண்டுகளை அண்ணை பொயிலர் அறைக்குக் கொண்டுபோய் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றுக்கும் இல்லை, வாசத்துக்குத்தான். பலட் செய்வது மலிவான மரத்தில். எப்போதாவது அந்தக் குவியலுக்குள் ஒரு சீடர்ப் பலகை தவறி வந்துவிட்டால் அதில் ஆணி அடிக்க அவருக்கு மனம் வராதாம். தனியாக எடுத்து வைத்துவிடுவார். சீடர் மணம் தெரியாதவர்கள் பென்சில் சீவும்போது வருகிற மணத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அவருடைய கணக்கு நேரானது. பாம்பு என்றால் நாகதம்பிரான், எங்கள் ஊர்ப் பாம்புச் சாமி. சாரைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சாமிக்கு வைப்பதெல்லாம் மணக்க வேண்டும். பூ மணக்கிறது, சந்தனம் மணக்கிறது, கற்பூரம் மணக்கிறது. மணம் இல்லாத மரத்தைக் கொண்டுபோய் வைத்தால் அது என்ன மரியாதை? அதுவும் செத்துப்போன ஒரு பிள்ளை வளர்த்த சீவனுக்கு?

பத்து நாள் வேலை செய்தார். பட்டையை உரித்து, முடிச்சுகளைச் சீவி, அரத்தாள் கொண்டு மூன்று தரம் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மழமழப்பாக்கினார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தோய்த்த வேட்டித்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நல்லம்மா அக்கா பின்னால் சாம்பிராணித் தட்டோடு வந்தார். கொப்பை உள்ளே வைத்தது நான். அண்ணை வாசலில் நின்று "கொஞ்சம் வலப்பக்கம்" என்றார். அக்கா தட்டைச் சுற்ற, கூரையிலிருந்த புகை மணி அலறியது. அண்ணை வாசலில் நின்றபடியே படி கூட்டும் தும்புத்தடியால் அதன் பொத்தானை அமத்தினார்.

"பாத்தீங்களோ, சாமிக்குக் கேட்டிட்டுது" என்றார்.

"சாமிக்கில்லை, மூண்டாம் மாடிக்குக் கேட்டிட்டுது. கதவைச் சாத்துங்கோ" என்றார் அக்கா.

அந்தக் கொப்பு அழகாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வீடு முழுக்க மணத்தது. அதற்கு முன் என் வீட்டில் பல வாரமாக மூடிக் கிடந்த அறையின் மணம்தான் இருந்தது. வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது அந்த வாசம் வந்து முட்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கறுவா அதில் ஏறினாள், வழுக்கினாள், பிறகு அதன் அடியில் சுருண்டு கிடந்தாள். பழக நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணை ஒவ்வொரு காலையும் படி கூட்டும் சாக்கில் வந்து, வாசலில் நின்று, "என்னவாம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பதின்மூன்று நாள் கழித்து, கறுவா வாயைத் திறந்து வைத்திருந்தாள். தலையை மேலே உயர்த்தி, கண்ணாடியில் சாய்த்து, எதையோ எட்டிப் பிடிக்கிறவள்போல நின்றாள். கிட்டப் போனபோது சத்தம் கேட்டது. அடுப்பில் ஈர விறகு வெடிக்குமே, அப்படிச் சின்னச் சின்ன வெடிப்பு, ஒவ்வொரு மூச்சுக்கும். வாயோரத்தில் நுரை.

அவளைத் தலையணை உறைக்குள் விட்டு, உறையைச் சுடுதண்ணிப் போத்தலோடு சாப்பாடு கொண்டுபோகும் குளிர்ப் பெட்டிக்குள் வைத்து, பஸ் பிடித்தேன். பக்கத்தில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்துச் சிரித்து, மத்தியானச் சாப்பாடா என்று பிரெஞ்சில் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் அந்தப் பகுதியில் ஒருவர்தான். கறுவாவின் வாயைத் திறந்து பார்த்தார், காது வைத்துக் கேட்டார், எடை போட்டார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பெட்டிக்குள் என்ன மரம் வைத்திருக்கிறீர்கள் என்பது.

சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டார்.

சீடரின் மணம் என்பது அதன் எண்ணெய். மூடிய பெட்டிக்குள், கீழே சூடு போட்டால், அந்த எண்ணெய் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மனிதர் கதவைத் திறந்து வெளியே போவார்கள். பாம்பு அதையே இரவும் பகலும் மூச்சாக எடுக்கும். நுரையீரல் புண்ணாகி, அதில் கிருமி தொற்றும். பைனும் அப்படித்தான். புகையும் கூடாது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தம்பி தொலைபேசியில், "அக்கா, எல்லா மரமும் இதுகளுக்குச் சரிவராது, தெரியுமே" என்று தொடங்கி நெடுநேரம் கதைத்தான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பிழைக்குமா?" என்று கேட்டேன்.

பிந்தி வரவில்லை என்றார். ஐந்து ஊசி. மூன்று நாளுக்கு ஒன்று. முதல் ஊசியை அவரே போட்டார். மிச்சத்தை வீட்டில் போடலாம். நான் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிறவள், ஊசி எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் போட வேண்டும். ஐந்தாவது ஊசிக்குள் அந்தச் சத்தம் நிற்காவிட்டால் நுரையீரல் திரும்பாது என்று பொருள். அதற்குமேல் செய்ய அதிகம் இல்லை. அதுவரை பெட்டிக்குள் ஒன்றும் வேண்டாம். வெறும் கடதாசி போதும்.

வந்ததும் கொப்பை எடுத்து பல்கனிப் பனிக்குள் போட்டேன். பெட்டியை மூன்று தரம் கழுவினேன். அண்ணைக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்க எனக்கு ஓர் இரவு இருந்தது. அது போதவில்லை.

"கொப்பு எங்கை?" காலையில் வாசலில் நின்று கேட்டார்.

"எடுத்திட்டன் அண்ணை."

"ஏன், அவவுக்குப் பிடிக்கேல்லையோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தும்புத்தடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ரை மரத்தாலையோ?"

"என்னாலையும்தான் அண்ணை. தம்பி சொன்னவன். நான் காது குடுக்கேல்லை."

அவர் படியிறங்கினார். அரைவாசி கூட்டிய படிக்கட்டு அப்படியே கிடந்தது. பத்து மணிபோல நல்லம்மா அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"என்ன பிள்ளை நடந்தது? இந்த மனிசன் பொயிலர் அறைக்குள்ளை போயிருந்து சீடர்க் கட்டையள் எல்லாத்தையும் வெளியிலை எறியுது. தேத்தண்ணி குடுத்தா வேண்டாமாம். ஆரையோ கொலை செய்த மாதிரி இருக்கிறார்."

"இன்னும் ஒண்டும் சாகேல்லை அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

அக்கா உள்ளே வந்தார். பெட்டிக்கு முன் குனிந்து பார்த்தார். கறுவா கடதாசியில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அக்கா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது ஊசி நாள் அன்று பின்னேரம் அண்ணை வந்தார். சவரம் செய்திருந்தார். கையில் பலட் தொழிற்சாலையின் தடித்த தோல் கையுறை.

"ஆர் பிடிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நானே தனியச் செய்து பாப்பம் எண்டு..."

"நான் பிடிக்கிறன்."

பின்னால் நின்ற அக்கா வாயைப் பொத்தினார். "நீங்களோ? போன கோடையிலை தண்ணி விடுற குழாயைப் பாத்துப் பாம்பெண்டு கத்தினவர் நீங்களெல்லோ!"

"அது பச்சைக் குழாய். இது வேறை. நீர் கதையாமல் நில்லும்."

பாம்பைக் கண்டு ஓடிய நாளுக்குப் பிறகு அவர் முதல்முறையாக என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். கறுவாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். நாகதம்பிரானே, நாகதம்பிரானே என்று உதடு அசைந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். கையுறை வழுக்கியது. கறுவா முறுகி நழுவினாள். நான் ஊசியோடு குனிந்தேன், பிடி தப்பியது. இன்னொரு தரம், அதுவும் தப்பியது. அவளுடைய மூச்சு இன்னும் வேகமாக வெடித்தது.

"சரிவராது அண்ணை, விடுங்கோ, பயப்படுது."

"நானோ அதுவோ?"

"ரெண்டு பேரும்."

அவர் கண்ணைத் திறந்தார். கறுவாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பற்களால் கையுறையின் நுனியைக் கடித்து இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிக் கீழே போட்டார். வெறுங்கையில் அவளை ஏந்தினார்.

"குளிரேல்லை" என்றார் மெதுவாக. "ஈரமும் இல்லை. நான் ஈரமெண்டு நினைச்சன்."

மரத்தைப் பிடித்துப் பழகிய கை அது. எவ்வளவு இறுக்கினால் நழுவாது, எவ்வளவு இறுக்கினால் நோகும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கறுவா அடங்கினாள். ஊசி இரண்டு விநாடியில் முடிந்தது. முடிந்த பிறகும் அவர் அவளைக் கீழே வைக்கவில்லை. அவள் அவருடைய மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு ஏறப் பார்த்தாள்.

"பிள்ளை, இஞ்சை பாரும். வயிற்றிலை இருக்கிற செதில் விரலிலை கொழுவுது. ஒவ்வொண்டாக் கொழுவிக் கொழுவித்தான் ஏறுது." அவர் குரல் மாறியிருந்தது. "நான் அந்தக் கொப்பைக் கண்ணாடி மாதிரித் தேய்ச்சனே. அது எதிலை கொழுவும்? பட்டை வேணும் அதுக்கு. சொரசொரப்பு வேணும். நான் மடையன்."

அன்று தொடங்கியது அவருடைய தேடல். மருத்துவர் தந்த தாளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேப்பிள் ஆகும், ஓக் ஆகும், ஆப்பிள் ஆகும். சீடர், பைன், ஸ்புரூஸ் மூன்றும் ஆகாது. செரியும் வேண்டாம். அளவெடுக்க அக்காவின் தையல் நாடாவைக் கொண்டுவந்தார். கறுவாவின் உடலில் ஆகத் தடித்த இடம் எதுவோ அந்தத் தடிப்புக்குக் குறையாத கொப்பு வேண்டும். மெல்லியதென்றால் வளைந்து விழுத்தும். அவள் சுருண்டு கிடக்க ஒரு கவர், கொப்பு இரண்டாகப் பிரியும் இடம், இருந்தால் நல்லது.

மாசி கடைசியில் உறைமழை பெய்து, பனிக்கட்டிப் பாரத்தில் தெருவெல்லாம் கொப்புகள் முறிந்து கிடந்தன. வேலை முடிந்து வரும்போது அண்ணையைப் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் கண்டேன். முறிந்த கொப்பு ஒவ்வொன்றாக எடுத்து, சுள்ளியை உடைத்து, முகர்ந்து, எறிந்துகொண்டிருந்தார்.

"இது மணக்குது, வேண்டாம். இது பசை, வேண்டாம். இந்த ஆஷ் மரம் நல்ல மரம்தான். ஆனா இஞ்சை பாரும், அடியிலை தகடு அடிச்சிருக்கு. வண்டு தின்னாமல் மரத்துக்கு மருந்து ஏத்தியிருக்கினம். அந்த மருந்து பாம்புக்கு என்ன செய்யுமெண்டு ஆருக்குத் தெரியும்? வேண்டாம்." ஒரு சுள்ளியை என் மூக்கருகே நீட்டினார். "என்ன மணக்குது?"

"ஒண்டும் இல்லை அண்ணை."

"அதுதான் வேணும். ஆனா இது தெருவோர மரம். பனி கரைய றோட்டிலை போடுற உப்பு அடிச்சிருக்கும். வேண்டாம்."

அதையும் எறிந்தார். வாழ்நாள் முழுக்க மணக்கிற மரத்தைத் தேடியவர் மணக்காத மரத்தைத் தேடிப் பனிக்குள் நின்றார். அவருக்கு அது ஒரு சிரமமாகத் தெரியவில்லை.

மூன்றாவது ஊசி. சத்தம் அப்படியே இருந்தது. அண்ணை பெருவிரலை அவளுடைய விலாவில் வைத்து, "குறைஞ்சிருக்கு" என்றார். எனக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. எடையில் இருபது கிராம் போயிருந்தது. நான்காவது ஊசி அன்று சத்தம் கொஞ்சம் விட்டு விட்டு வந்தது. நான் அதை நம்பப் பயந்தேன். ஆய்வுகூடத்தில் எத்தனையோ பேருடைய இரத்தத்தை எடுத்து, நாளைக்கு நல்லாயிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் அது பலிக்கவில்லை.

கொப்பு கடைசியில் லாசாலில் கிடைத்தது. அண்ணையோடு பலட் அடித்த தேவதாசன் என்பவருடைய வீட்டுப் பின்வளவில் ஒரு கிழட்டு ஆப்பிள் மரம் நின்றது. பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார், அளவு பிசகக் கூடாது என்று.

"என்னடாப்பா, பாம்புக்கு இருக்கக் கதிரை செய்யிறியாம்?" தேவதாசன் அண்ணை கதவைத் திறந்ததுமே கேட்டார். "எனக்கு ஒரு கதிரை செய்து தாவெண்டு பத்து வருசமாக் கேக்கிறன்."

"நீ பாம்பாப் பிறந்திருக்கலாம்."

"என்ரை மனிசி அதைத்தான் சொல்லுறவ, நான் பாம்பெண்டு. அப்ப எனக்கும் ஒண்டு அடி."

"மரத்துக்கு மருந்து அடிக்கிறனியோ? உண்மையைச் சொல்லு."

"மருந்தடிக்கிறதெண்டா ஞாயிற்றுக்கிழமையிலை வெள்ளன எழும்பவேணும். நான் எழும்புறேல்லை. மரமும் தன்ரைபாட்டிலை நிக்குது."

அண்ணை மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு கொப்பைத் தட்டினார். இரண்டாவது கொப்பில் நாடாவை வைத்தார். மூன்றாவதில் கையை வைத்து, உள்ளங்கையால் பட்டையை மேலும் கீழும் தடவினார். சொரசொரப்பு. நுனியில் ஒரு நல்ல கவர். சுள்ளியை உடைத்து முகர்ந்து, தேவதாசனிடமும் கொடுத்தார், என்னிடமும் கொடுத்தார். மூன்று பேரும் முகர்ந்தோம். ஈர மரம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சண்டை. கொப்புக்குள் பூச்சி, முட்டை எதுவும் உயிரோடு இருக்கக்கூடாது. வெளிநாட்டுக்குப் போகிற பலட்டுகளைத் தொழிற்சாலையில் சூடுகாட்டி முத்திரை குத்துவார்களாம். மரத்தின் நடுப்பகுதி ஐம்பத்தாறு பாகையில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். இருபத்துநான்கு வருடம் அந்த முத்திரையைக் குத்தியவருக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்குக் கேக் சுடுகிற மின்னடுப்பு வேண்டும். வீட்டில் இருந்தது நல்லம்மா அக்காவின் மின்னடுப்பு.

"இஞ்சருங்கோ, கேக் சுடுற அடுப்புக்குள்ளை பாம்பு ஏறுற தடியோ?"

"பாம்பு இன்னும் ஏறேல்லை. இது புதுத் தடி."

"பேந்து அதிலை கேக் சுட்டுத் தந்தா நீங்கள் தின்பீங்களோ?"

"நீர் சுடுற கேக்கையே தின்னுறன். பிறகென்ன பயம்?"

அக்கா அகப்பையை ஓங்கினார். ஆனாலும் தட்டுகளை வெளியே எடுத்து இடம் செய்து கொடுத்தவரும் அவர்தான். கொப்பின் நடுவில் ஒரு சின்னத் துளையிட்டு இறைச்சி வெப்பமானியைச் செருகி, முன்னால் கதிரை போட்டு இருந்தார் அண்ணை. ஐம்பத்தாறு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணிக்குப் பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் விட்டார். கொப்பு நிற்பதற்கு மேப்பிள் பலகையில் ஓர் அடித்தாங்கி செய்தார். ஆணியும் இல்லை, பசையும் இல்லை, மர முளைதான். காய்ந்தபின் அதில் தன் சாமான் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். அசையவில்லை.

ஐந்தாவது ஊசி செவ்வாய்க்கிழமை. ஊசி போட்டோம். அண்ணை கறுவாவைக் காதருகே கொண்டுபோனார். நெடுநேரம் அப்படியே நின்றார். அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தம் இல்லை பிள்ளை."

"ஐயோ" என்றார் அக்கா வாசலில் நின்று.

"மூச்சு இருக்கப்பா! அந்த வெடிக்கிற சத்தம்தான் இல்லை. நல்லதைத்தான் சொல்லுறன்."

நான் வாங்கிக் கேட்டேன். காதில் ஒன்றும் விழவில்லை. விலா மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. மூன்று நாள் கழித்து மருத்துவர் காது வைத்துக் கேட்டார். இரண்டு பக்கமும் கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்றார். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்து சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் கடதாசிக் கைக்குட்டையை நீட்டியதால் சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அன்று பின்னேரம் கொப்பைப் பெட்டிக்குள் அண்ணையே வைத்தார். கையால் அழுத்தினார், ஆட்டினார், திருப்தியானார். கறுவா தன் மூலையை விட்டு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அண்ணை காலையில் வந்தார், மத்தியானம் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் தேத்தண்ணியோடு இருந்தபோது அவள் தலையைத் தூக்கினாள். நாக்கால் பட்டையைத் தொட்டாள், எடுத்தாள், திரும்பத் தொட்டாள். பிறகு ஏறத் தொடங்கினாள். அவசரம் இல்லை. வயிறு ஒவ்வொரு சொரசொரப்பிலும் பிடித்துப் பிடித்து மேலே போனது. எங்கும் வழுக்கவில்லை. கவர் வரைக்கும் போய், தன்னை மூன்று வளையமாகச் சுற்றி, தலையை மேலே வைத்துக்கொண்டாள். உறைபெட்டியிலிருந்து எடுத்து உருகவைத்த எலியை இடுக்கியால் நீட்டினேன். ஐந்து வாரமாக ஒன்றும் தின்னாதவள் கொப்பில் தொங்கிக்கொண்டே அதைப் பறித்தாள்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணை திருப்பவில்லை. அவருடைய தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"தம்பி எப்பிடியான ஆள் பிள்ளை?" என்று கேட்டார், பெட்டியைப் பார்த்தபடியே.

ஐப்பசிக்குப் பிறகு அவன் எப்படிச் செத்தான் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பன்னிரண்டு வயதில் அவன் முதல்முதலாகப் பாம்பு கொண்டுவந்த கதையைத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் கொடுத்த சின்னப் பாம்பு. அம்மாவுக்குத் தெரியாமல் அவருடைய சீலை அலுமாரிக்குள் ஒளித்து வைத்தான். நாலு நாள் அதற்குள் இருந்தது.

"பிறகு?" என்றார் அக்கா.

"ஐஞ்சாம் நாள் கலியாணவீடு ஒண்டு. அம்மா சீலை எடுக்கப் போனவ."

"ஐயோ! கத்தினவவோ?"

"இல்லை. சீலையை எடுத்து உதறினவ. பாம்பு கட்டிலிலை விழுந்திட்டுது. அம்மா பாம்பைப் பாக்கேல்லை, சீலையைத்தான் விரிச்சு விரிச்சுப் பாத்தவ. பேந்து தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டவ, 'இது காஞ்சிபுரமடா. இந்த வீட்டிலை இதுக்குப் படுக்க வேறை சீலை கிடைக்கேல்லையோ?'"

அண்ணை சிரித்த சிரிப்பில் கோப்பை கவிழ்ந்தது. அக்கா துடைக்கத் துணி தேடிக்கொண்டே சிரித்தார். நானும்தான். கறுவா மேலே இருந்து நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, எலியை விழுங்கும் வேலையைத் தொடர்ந்தாள்.